மார்கழிப் பயணமும் மறந்த பாதமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் குளிருக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் பலர். நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் அமைந்து, கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்களே உயர்ந்து, மூன்று புறமும் கடலாற் சூழப்பட்ட இச்சமதரையைப் பற்றி எழுதியவர்கள் வெயிலையும் பனையையும் பாடியிருக்கிறார்களேயன்றிக் குளிரைப் பெரிதாகப் பேசியதில்லை. இலங்கையிற் குளிர் என்றதும் எவரது உள்ளத்திலும் தோன்றுவது 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கும் நுவரெலியாவேயாகும். குடாநாட்டில் மார்கழி, தை மாதத்து விடியற் பொழுதுகளிலும் வெப்பமானி பெரும்பாலும் இருபது பாகை செல்சியசுக்கு மேலேயே நிற்கும். ஐரோப்பியர் இதனைக் கோடைகால மாலைப்பொழுது என்று மகிழ்வர்.

எனினும் வெப்பமானியின் கூற்றை மட்டும் கொண்டு மனிதனுடைய குளிரை அளந்துவிட முடியாது. திருவெம்பாவைக் காலத்திலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கின்ற அதிகாலையில் யாழ்ப்பாணத்துத் தெருவொன்றின் ஓரத்திலே நின்று பார்ப்பவர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். சந்தைக்கு மரக்கறி மூடையேற்றிச் செல்லும் கமக்காரனும், பத்திரிகைக் கட்டுகளை விநியோகிக்கும் இளைஞனும், கரையிலிருந்து மீன்பெட்டி கட்டிவரும் வியாபாரியும், தூரத்துப் பாடசாலைக்குப் புறப்பட்ட ஆசிரியரும் மோட்டார் சைக்கிள்களில் விரைந்து கொண்டிருப்பர். அவர்களது தலையைத் துவாயொன்று சுற்றியிருக்கும்; அதன்மேல் தலைக்கவசம் ஏறியிருக்கும். கழுத்திலே மப்ளர், உடலிலே கம்பளிச் சட்டை அல்லது மழையங்கி. இவ்வாறு மேலிருந்து கீழாக நோக்கிவரும் கண்கள் பாதத்தை அடைந்ததும் திகைக்கும். அங்கே இருப்பது வெறும் இறப்பர்ச் செருப்பு. உடலின் மற்றைய உறுப்புகளுக்கெல்லாம் ஏதோவொரு போர்வை கிடைத்திருக்கப் பாதம் மட்டும் காற்றுக்கும் பனிக்கும் விடப்பட்டிருக்கும்.

வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து புங்குடுதீவுப் பக்கத்துப் பாடசாலையொன்றிற்கு நாள்தோறும் செல்லும் ஆசிரியர் ஒருவரின் வீட்டில் மார்கழிக் காலைகளிலே நிகழும் உரையாடல் இது.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கெண்டாலும் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கோவன். நேற்றும் வந்து கால் விறைக்குது எண்டு சொன்னனீங்கள்.”

“விசர்க்கதை கதையாதையும். இதென்ன நுவரெலியாவே?”

ஒரு வரியில் முடிந்துவிடும் இவ்விடையிலே குடாநாட்டு மனிதரின் பொதுவான மனப்பாங்கு அடங்கியிருக்கிறது. குளிர் வேறொரு தேசத்துக்குரியது. ஆகவே இங்கு ஏற்படும் குளிரைச் சொல்லிக்கொள்வதே வெட்கம். அவ்வாசிரியருடைய பாதங்களோ இத்தருக்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அவை ஏன் ஏற்கவில்லை என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலாவது காரணம் காற்று. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் இருமருங்கும் அமைந்த வேலிகளும் மதில்களும் பனங்கூடல்களும் வடகீழ்ப் பருவக்காற்றின் வேகத்தைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இப்பாதுகாப்பு நீங்கிவிடும். இருபுறமும் கடல்நீரேரி, மறைப்பதற்கு மரமில்லை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட நெடும்பாலத்திலும் இதே நிலைமைதான். 2011ஆம் ஆண்டு தை மாதத்திலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தினூடாகப் பூநகரிக்குச் செல்வோரும், பொன்னாலைப் பாலத்தினூடாகக் காரைநகருக்குச் செல்வோரும் இதனை அறிவர். இயற்கையின் காற்று இவ்வாறிருக்க, ஓட்டுபவன் தானே உண்டாக்கிக்கொள்ளும் காற்று வேறு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனை, அசையாத காற்றுங்கூடச் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் வேகத்தில் மோதுகின்றது. மனித உடல் தன்னைச் சுற்றி இளஞ்சூடான மெல்லிய காற்றுப் படலமொன்றை எப்பொழுதும் போர்த்திக்கொண்டிருக்கிறது. வீசும் காற்று அப்படலத்தை அள்ளிச் சென்றுவிட, உடல் மீண்டும் ஒன்றைச் சூடாக்க, அதுவும் அள்ளப்படுகிறது. 1940களில் அந்தாட்டிக்காவில் இருந்த அமெரிக்க ஆய்வாளராகிய போல் சிப்பிளும் அவருடைய தோழர் சார்ள்ஸ் பசலும், நீர் நிரப்பிய கொள்கலம் வெவ்வேறு காற்று வேகங்களில் உறைவதற்கு எடுக்கும் நேரத்தை அளந்தே காற்றுக்குளிர் என்னும் கருத்துக்கு அளவுகோல் வகுத்தனர். அந்தாட்டிக்காவின் அளவுகோல் யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது. அதன் அடிப்படையாகிய உண்மை பண்ணைப் பாலத்திலும் உண்மையே.

இரண்டாவது காரணம் ஈரம். குடாநாட்டின் குளிர்காலமும் மழைக்காலமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை தெருக்களிலே தேங்கி நிற்கும். முன்சில்லு அள்ளியெறியும் சேற்றுநீர் நேராகச் சென்று விழும் இடம் ஓட்டுபவனுடைய பாதமே. மழை ஓய்ந்த தை மாதத்திலோ வானம் தெளிந்து, நிலம் இரவு முழுவதும் தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து, விடியலிலே பனி இறங்கும். நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. அதற்கும் மேலாக, தோலிலே படிந்த நீர் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து பறித்துச் செல்கிறது. 58 கிராம் நீரைப் பத்துப் பாகையால் சூடாக்கப் போதுமான வெப்பம் இதுவாகும். மண்பானையிலே நீரைக் குளிரச் செய்யும் அதே விதி ஈரக் காலுறைக்குள்ளே பாதத்தையும் குளிரச் செய்கின்றது.

காற்றும் ஈரமும் கூடிய இடத்திலே குளிர் உயிரையும் கொள்ளும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்றுண்டு. 2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் மாண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவிலே நிலைகொண்டிருந்தபோது வடக்கு, கிழக்கு மாகாணங்களிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாள்களுக்குள் இறந்தன. உறைபனி விழவில்லை, நீர் உறையவுமில்லை. வெளியிலே நின்று மழையில் நனைந்த உடலைக் காற்று ஓயாது தாக்கியமையே அவ்விலங்குகளுக்குக் கேடாயிற்று. மேய்ச்சல் நிலங்களிலே வீழ்ந்து கிடந்த அவ்வுடல்களைப் பார்த்த பின்னரும் ‘இங்கே குளிர் ஏது’ என்று எவரும் கேட்டல் பொருந்தாது.

மூன்றாவது காரணம் பெரும்பாலோர் எண்ணிப் பாராதது. அது பாதத்தின் ஓய்வு. யாழ்ப்பாணம் நெடுங்காலம் துவிச்சக்கர வண்டியின் நாடாக இருந்தது. துவிச்சக்கர வண்டியை மிதிப்பவனுடைய தொடையும் கெண்டைக்காலும் ஓயாது உழைக்கின்றன. உழைக்கும் தசை வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. அவ்வெப்பத்தைக் குருதி பாதம்வரை கொண்டு செல்கிறது. அவன் மெதுவாகச் செல்வதனால் அவனை மோதும் காற்றும் குறைவு. மோட்டார் சைக்கிளிலே உழைப்பு இயந்திரத்திற்கு மாறிவிட்டது. பாதங்கள் இரும்புத் தாங்கிகளின் மேல் அசைவின்றி இருக்கின்றன. இடதுபாதம் இடையிடையே கியரை மாற்றுகிறது. வலதுபாதம் எப்போதாவது தடுப்பை மிதிக்கிறது. மனிதனுக்கு வேகத்தைத் தந்த அதே இயந்திரம் அவனுடைய பாதங்களிடமிருந்து வேலையை எடுத்துக்கொண்டபோது, வேலையோடு சேர்ந்திருந்த சூட்டையும் எடுத்துக்கொண்டது.

இம்மாற்றத்தைக் குடாநாடு ஒருமுறை பின்னோக்கியும் நடந்து பார்த்திருக்கிறது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அதற்கும் வழியற்ற பெரும்பான்மையினர், பேராசிரியர் முதல் கூலித் தொழிலாளர் வரை, துவிச்சக்கர வண்டியையே நம்பினர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நிரப்பு நிலையங்களின் முன்னே வரிசைகள் நீண்டதும், மூலையிற் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் துடைக்கப்பட்டதும் இக்காலத்து மாணவர்க்கும் தெரிந்ததே. அத்தகைய காலங்களின் துன்பத்தை எவரும் மீண்டும் வேண்டார். ஆயினும் அக்காலத்து மார்கழிகளிலே மிதித்துச் சென்ற பாதங்கள் விறைத்தமை குறைவு என்பதும் மறுக்கவியலாதது.

நான்காவது காரணமே யாவற்றினும் ஆழமானது. உடல் தன் உறுப்புகளையெல்லாம் ஒரே தரத்தில் வைத்துப் பேணுவதில்லை. இதயம், மூளை, ஈரல் ஆகியவற்றின் வெப்பநிலையை 37 பாகையளவிலே வைத்திருப்பது உடலின் முதற் கடமை. நெஞ்சிலும் கழுத்திலும் குளிர் ஏறத் தொடங்கியதும் உடல் தன் இருப்பைக் கணக்கெடுக்கிறது. கைகளுக்கும் பாதங்களுக்கும் செல்லும் நுண்ணிய குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. சூடான குருதி நடுவுடலுக்குத் திருப்பப்படுகிறது. பாதத்திலே வெப்பத்தைப் பிறப்பிக்கத்தக்க பெருந்தசைகள் இல்லை. பருமனை நோக்க அதன் மேற்பரப்போ பெரிது. இதயத்திலிருந்து அது அமைந்துள்ள தூரமும் அதிகம். ஆகவே குருதி குறைந்ததும் அது விரைவிலே குளிர்ந்துவிடுகிறது. பாதம் குளிர்வது, உடல் தன் தலைநகரைக் காப்பதற்கு எல்லைப்புறக் கிராமத்தைக் கைவிட்டதன் அடையாளமாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர்க்குப் பரிகாரமும் எளிதிற் புலப்படும். பாதத்தைச் சூடாக வைத்திருக்க விரும்புபவன் முதலிலே நெஞ்சை மூடவேண்டும். நெஞ்சுக்குக் காற்றுப் புகாத மறைப்பொன்று கிடைத்துவிட்டால் உடல் தன் கஞ்சத்தனத்தைத் தளர்த்திப் பாதத்துக்குக் குருதியை அனுப்பும். பிரான்சிலே நடைபெறும் புகழ்பெற்ற துவிச்சக்கர வண்டிப் போட்டியில் வீரர்கள் மலையுச்சியிலிருந்து இறங்குமுன் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. காசு செலவில்லாத இவ்வுபாயம் பத்திரிகை வாசிப்பிற் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்திற்கு நன்கு பொருந்தும். அடுத்தது காற்றையும் ஈரத்தையும் பாதத்தினின்று விலக்குதல். உலர்ந்த காலுறையின் மேல், ஊரிலே சொப்பின் பை என வழங்கும் மெல்லிய பையொன்றைச் சுற்றி அதன்மேல் சப்பாத்தை அணிந்தால் காற்று உட்புகாது. நெடுநேரம் அவ்வாறிருந்தால் வியர்வையே ஈரமாகிவிடுமாதலால் சென்றடைந்ததும் பையைக் கழற்றிவிடவேண்டும். மாற்றுக் காலுறை ஒரு சோடியை நனையாதபடி கட்டி எடுத்துச் செல்லுதல் அறிவுடைமை. பருத்திக் காலுறை நனைந்தால் குளிரைக் கூட்டும். கம்பளியோ ஓரளவு ஈரத்தை உறிஞ்சியும் சூட்டை முற்றாக இழக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காலுறைகளை இறுக்கமான சப்பாத்தினுள்ளே திணிப்பவர் தமக்குத் தாமே தீங்கு செய்கின்றார். நெருக்குண்ட குருதிக்கலனில் குருதி ஓடாது. காற்றிடைவெளியற்ற துணியிற் சூடு தங்காது. பாலம் கடந்ததும் வண்டியை நிறுத்திச் சில நிமிடம் நடத்தல், ஓட்டத்தின்போதே விரல்களை மடக்கி நீட்டல் என்பன ஓய்ந்த பாதத்துக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கும் வழிகள்.

குளிரைப் போக்குவதாகக் கருதப்படுஞ் சில வழக்கங்கள் அதனைக் கூட்டுகின்றன என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். புகையிலை யாழ்ப்பாணத்தின் பழம்பெரும் பயிர். விடியற்காலையிலே சுருட்டொன்றைப் பற்றவைத்தாற் குளிர் விலகும் என்பது முதியோர் பலரின் நம்பிக்கை. புகையிலையிலுள்ள நிக்கொட்டினோ குருதிக்கலன்களைச் சுருக்குவது. சுருட்டின் நெருப்பு மூக்கின் நுனியிலே சூட்டைக் காட்டும். அதே வேளை பாதத்திற் சூடு குறையும். கள்ளும் சாராயமும் இதற்கு நேர்மாறாகத் தோலின் கலன்களை விரித்துச் சூடு போன்றதோர் உணர்வைத் தந்து, நடுவுடலின் வெப்பத்தை வெளியே சிந்திவிடும். ஓட்டுபவனுக்கு அவை வேறு வகையிலும் ஆகாதவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு எளிய வழிகளிருந்தும் செருப்பே வெற்றி பெறுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. பண்பாடும் அதன் பக்கத்தில் நிற்கிறது. சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அம்மக்கள் விட்டுச்சென்ற சொற்கள் பலவற்றுள் அதுவும் ஒன்று. பொருளும் பெயரும் வெளியிலிருந்து வந்தமையாற் போலும், நான்கு நூற்றாண்டுகளாகியும் அது இங்கே அலுவலகத்திற்கும் பாடசாலைக்கும் உரிய உத்தியோக உடையாகவே இருந்து வருகிறது. குடாநாட்டு மனிதன் ஒரு நாளில் எத்தனை வாசல்களிலே பாதணியைக் கழற்றுகிறான் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். வீட்டு வாசலில், கோயில் வாசலில், அயலவர் விறாந்தையில், மரணவீட்டு முற்றத்தில் என்று அடிக்கடி கழற்றி அணிய வேண்டியவனுக்குச் செருப்பே தோழன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வாரோடும் செருப்பு காலுறையை ஏற்காது. காலுறை செருப்பை ஏற்காது. புலம்பெயர்ந்த உறவினர் ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் அன்போடு கொண்டுவரும் தடித்த கம்பளிக் காலுறைகள் அலுமாரிகளுக்குள்ளே பூச்சியுருண்டை மணத்தோடு உறங்குவதன் காரணமும் இதுவே. அங்கே பனிக்காலம் வந்ததும் மோட்டார் சைக்கிளைக் கொட்டகைக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள் பலர். இங்கே வண்டிக்கு ஓய்வில்லை, ஆனாற் காலுறைக்கு ஓய்வு.

இயந்திரத்தை வகுத்தோர் பாதத்தை முற்றாக மறந்துவிடவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. 1946இல் இத்தாலியிலே தோன்றிய வெஸ்பாவின் முன்புறத் தகடும் கால்வைக்கும் தளமும் காற்றையும் சேற்றையும் தடுப்பவை. 1958இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா கப் வண்டியின் இருபுறமும் அமைந்த பிளாத்திக்கு மறைப்புகளும் கால்களை எண்ணியே பொருத்தப்பட்டவை. இன்று குடாநாட்டு ஆசிரியைகள் பலர் ஓட்டும் ஸ்கூட்டர் அவ்வமைப்பின் வழிவந்ததே. ‘பொம்பிளையளின்ர வண்டி’ என்று இளைஞர் நகைக்கும் அவ்வாகனத்தில் பாதங்கள் ஒரு சுவரின் பின்னே பாதுகாப்பாக இருக்கின்றன. கம்பீரம் மிக்கதாகக் கருதப்படும் மோட்டார் சைக்கிளிலோ பாதங்கள் காற்றின் முன்னே நீட்டப்பட்டிருக்கின்றன. கம்பீரத்தின் விலையைப் பாதம் செலுத்துகின்றது.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, சிறியதொரு வசதிக்குறைவை இவ்வளவு விரித்துரைக்க வேண்டுமோ என்று சிலர் எண்ணலாம். அவர்கள் நீரிழிவு நோயாளரின் பாதத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். நெடுங்காலம் கட்டுப்படாத நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது பெரும்பாலும் பாதங்களிலிருந்தே தொடங்குகிறது. முதலில் எரிவும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். பின்னர் உணர்வே மங்கும். அத்தகையவர் ஒருவர் நீண்ட பயணத்தின் பின் விறைத்த பாதத்தை வண்டியின் சூடான புகைபோக்கியின் அருகே நீட்டிக் காய்ந்தாலோ, கொதிநீரிலே அமிழ்த்தினாலோ, சுடுவதை அப்பாதம் அவருக்குச் சொல்லாது. கொப்புளம் எழுந்த பின்னரே கண் காணும். சிலவேளை கண்ணும் காணாமல், புண்ணாகி, ஆறாமல், ஈற்றில் விரலையோ பாதத்தையோ அகற்றவேண்டிய நிலைக்கும் அது இட்டுச் செல்லும். ஆதலின் உணர்வு மங்கிய பாதத்தை நெருப்பாலும் சுடுநீராலும் சூடாக்கலாகாது. துடைத்து உலர்த்தி, உலர்ந்த துணியாற் போர்த்தி, மெல்லச் சூடேற விடவேண்டும். நீரின் சூட்டைப் பாதம் இடுமுன் முழங்கையாற் பார்க்கவேண்டும். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலை உற்றுநோக்க வேண்டும். மேலே கூறிய ஆசிரியரின் மனைவி சப்பாத்தை எடுத்து வாசலில் வைப்பதற்கும் இதுவே காரணம். அவருக்கு நீரிழிவு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் கால் விறைக்கின்றது என்று சொல்லும்வரை அவளுக்கு ஒருவகை ஆறுதல். அவர் ஒரு மார்கழியிலே அதைச் சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்பதே அவளுடைய அச்சம்.

குளிரை உணர்கின்ற பாதம் ஒரு செல்வம் என்பதை யாழ்ப்பாணம் வேறொரு வழியாலும் அறிந்திருக்கிறது. போர்க்காலத்திலே நிலத்தினுள் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் பொதுமக்கள், போராளிகள், படையினர் என்ற வேறுபாடின்றிக் கால்களைப் பறித்தன. குடாநாட்டின் கழுத்துப் பகுதியாகிய முகமாலையில் போர் ஓய்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் வெடிகளை அகற்றும் பணி தொடர்ந்தது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் வைத்தியரும் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய செயற்கைப் பாதம், சப்பாத்தின்றியும் நடக்கவும், சப்பாணி கட்டி இருக்கவும், வயலிலே இறங்கவும் ஏற்றதாக அமைந்தது. நம்மவரின் வாழ்க்கை முறையை அறிந்து செய்யப்பட்ட பாதம் அது. யாழ்ப்பாணத்திலும் 1987இல் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் நிலையம் தொடங்கப்பெற்று எண்ணற்றோரை எழுந்து நடக்கச் செய்தது. அவர்களுட் பலர் இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுகின்றனர். பின்புறம் மேலும் இரு சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரில் செல்வோரும் உளர்.

இறப்பராலான பாதத்திற்குக் குளிர் தெரியாது. ஆனால் அதனைத் தாங்கும் எஞ்சிய காலின் முனைக்குத் தெரியும். குருதியோட்டம் குன்றிய அம்முனை மார்கழிக் காற்றிலே நோவெடுக்கும். இதனினும் வியப்பானது, இழந்துவிட்ட பாதமே குளிர்வதாகச் சிலர் உணர்வது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே கால்களை இழந்தோரை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல் என்னும் வைத்தியர் இவ்வகை உணர்வுகளுக்கு 1871இல் ‘மாய உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். இல்லாத பாதத்துக்குக் காலுறை அணிவிக்க எவராலும் முடியாது. அக்குளிரைக் கேட்டு, அது உண்மையென்று ஏற்றுக்கொள்ளுதலே சுற்றத்தார் செய்யத்தக்கது. ‘இல்லாத காலுக்குக் குளிரா’ என்று நகைப்பது, ‘இதுவும் ஒரு குளிரா’ என்று நகைப்பதன் மறுவடிவமேயாகும்.

பெருந்துன்பங்களைக் கண்ட சமூகமொன்றுக்குச் சிறுதுன்பங்களைப் பேசுவதில் ஒரு கூச்சம் ஏற்பட்டுவிடுகிறது. இடம்பெயர்வையும் எறிகணையையும் உணவுத் தட்டுப்பாட்டையும் தாண்டி வந்தவர் முன்னே பாதம் விறைக்கின்றது என்று ஒருவர் முறையிட்டால் அது அற்பமாகவே தோன்றும். பெரியதைத் தாங்கினோம் என்ற பெருமையே சிறியதைக் கவனியாமைக்குச் சாட்டாகிவிடும். உடலின் இயல்பும் அதுதான் என்பதை மேலே கண்டோம். ஆபத்துக் காலத்திலே நடுவுடலைக் காக்க அது பாதத்தைக் கைவிடுகிறது. அது தவறன்று, தேவை. ஆயின் நலமான உடல் ஆபத்து நீங்கியதும் சுருங்கிய கலன்களை மீண்டும் திறந்துவிடுகிறது. திறவாத உடலில் விறைப்பு நிலைத்துப் பாதம் அழுகும். போர் 2009இல் முடிந்துவிட்டது. முதியவரின் மங்கிய பார்வை, பள்ளிப் பிள்ளையின் நனைந்த சப்பாத்து, விடியலில் மரக்கறி ஏற்றிச் செல்பவனின் வெடித்த குதிகால் என இக்காலமெல்லாம் ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கப்பட்டவை கவனத்துக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைப் பொருட்படுத்தத் தொடங்குவது, கலன்கள் மீண்டும் திறப்பதற்கு ஒப்பாகும்.

மார்கழி ஆண்டுதோறும் வரும். பாலங்களில் காற்று வீசும். மோட்டார் சைக்கிள்கள் ஓடும். நெஞ்சை மூடுதல், பாதத்தை உலர்வாக வைத்தல், காற்றை மறைத்தல், இடையிடையே இறங்கி நடத்தல் ஆகிய நான்கும் எவர்க்கும் இயன்றவை, செலவோ சிறிது. ஐந்தாவதாக வேண்டப்படுவது, கால் குளிர்கிறது என்று சொல்வதற்கு வெட்கப்படாமையும், சொல்பவரைக் கேட்டு நகையாமையும் ஆகும். அதற்குச் செலவே இல்லை. ஆயினும் நான்கினும் அரிதாக இருப்பது அதுவே.